முதல் பத்திரிகை

திருமானூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். நான் பார்த்த பிரசவங்களை என் நாட்குறிப்பிலும் எழுதிவைப்பேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் தாம்பூலத் தட்டோடு மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பிரசவம் பார்த்தவள் என்பதால் எனக்குத்தான் முதல் பத்திரிகை. மகள் பள்ளிச் சீருடையில் நின்றாள்.

"பொண்ணுக்கு வயசு?"

"பதினெட்டு முடிஞ்சிட்டுங்க, நர்சம்மா."

பழைய நாட்குறிப்பை எடுத்துக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். பதினாறு வருடம், நான்கு மாதம்.

"நீங்க தப்பா எழுதியிருப்பீங்க."

"அன்னிக்கு மழை. உங்க வூட்டுக்காரர் உங்கள சைக்கிள்ல வச்சி தள்ளிட்டு வந்தாரு. அதுவும் இருக்கு."

தாய் யோசித்தார். "சைக்கிள் சரிதாங்க."

மகள் நாட்குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல உண்டானா தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து. கல்யாணத்த நிறுத்தலைன்னா நானே சமூகநல ஆபீஸ்ல சொல்லிடுவேன்," என்றேன்.

அவர் பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கல்யாணம் நின்றது. மூன்று வருடத்துக்கும் மேல் அவர் என்னோடு பேசவில்லை.

போன மாதம் மறுபடி தட்டோடு வந்தார். மாப்பிள்ளை வேறு. கல்லூரி முடிக்கப்போகும் மகள், தேதியைத் தானே குறித்ததாகச் சொன்னாள்.

"எழுதுனத பாத்துட்டே வாங்கிக்கங்க," என்றார் தாய்.

பார்த்தேன். இருபது வருடம், இரண்டு மாதம். வாங்கிக்கொண்டேன்.