மூணு வட்டி நிலம்

என் வீட்டுக்காரருக்கு மனைப் பைத்தியம் பிடித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ராஜபாளையத்துக்கு வெளியே, மம்சாபுரம் போகிற பக்கம் ஒரு தென்னந்தோப்பை வெட்டிக் கல் நட்டு, தோரணம் கட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மூன்று மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து வந்தார் இந்த மகராசன்.

மீதிப் பணத்துக்கு நான் பேங்கில் விசாரித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா என் பேருக்கு எழுதிவைத்த வீடு இருந்தது. அம்மா அதில் தனியாக இருந்தாள். அதை அடமானம் வைத்தால் நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் ரூபாய்தான் வட்டி விழும் என்றார்கள்.

"பேங்க்காரன் வந்து வீட்டை அளந்தா தெருவே வேடிக்க பாக்கும். மருமகன் நொடிச்சுப் போயிட்டான்னு பேசுவாக" என்றார் இவர்.

ஆகவே, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அதே வீட்டுப் பத்திரத்தை ஓசைப்படாமல் ஒரு பைனான்ஸ்காரரிடம் மூணு வட்டிக்கு வைத்தார். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆள் மீதியைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டவள் நான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு வருஷத்தில் தளவாய்புரத்துக்காரர் ஒருவர் ஒன்றரை மடங்கு விலைக்கு மனைகளைக் கேட்டு வந்தார். கொடுத்துவிடுவோம் என்றேன்.

"ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்? செத்த பொறு. மூணு மடங்குக்குப் போகும்."

பொறுத்தோம். நிலம் சும்மா கிடந்தது, வட்டி சும்மா கிடக்கவில்லை. இவர் மில்லில் வாங்கிய சம்பளத்தில் பாதி அதற்கே போனது. கட்ட முடியாத வட்டி அசலோடு ஏறியது. மூன்றாவது வருஷம்தான் ஐயாவுக்கு விற்கிற ஞானம் வந்தது. எவன் வாங்குவான்? அந்தத் தோப்பில் மனை வாங்கிய அத்தனை பேரும் இவரைப் போலவே மூணு வட்டி மேதாவிகள். எல்லோரும் விற்க நின்றார்கள், வாங்க ஒருவனும் இல்லை. விலை மட்டும் டீக்கடைப் பேச்சில் ஏறிக்கொண்டே இருந்தது.

பைனான்ஸ்காரர் கெடு வைத்தார். வீட்டை விற்றுக் கடனை அடைத்தோம். அம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு ராஜபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இவருக்கு என்ன கூச்சம்?

"வாங்க அத்தை. கவலப்படாதிய. நம்ம மனை இன்னைக்கு எம்புட்டு வெலை போகுது தெரியுமா?"

அம்மா கோபப்படவில்லை. படுக்க இடமிருக்கிறதா என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவர் சொன்னதை அப்படியே நம்பிக் கேட்டாள்.

"அப்ப அதுல ஒண்ண வித்து, என் வீட்டைத் திருப்பி வாங்கித் தாங்க மாப்ளே."