வாப்பாவுக்கு நான் தொழுவிக்காத தொழுகை

மத்திய கால இஸ்லாமிய மெய்யியல்தான் என் தொழில். காத்தான்குடியில் இதை விளங்கப்படுத்துவது லேசான காரியமல்ல. ஒருநாள் வாப்பாவின் புடவைக்கடைக்கு வந்த ஒருவர், "மகன் கெம்பஸ்ல என்ன படிப்பிக்கிறாரு?" என்று கேட்டார்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஆக்கள் என்ன யோசிச்சாங்க எண்டு."

"அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்களா?"

"நானும் அதத்தான் யோசிக்கிறன்," என்றார் வாப்பா.

உடல் போன பிறகு உயிர் தனித்து நிற்குமா என்பதே என் கலாநிதிப் பட்ட ஆய்வு. ஐந்து வருடம் எழுதி, கடைசிப் பக்கத்தில் மேலும் ஆய்வு தேவை என்று முடித்தேன். அதற்கும் பட்டம் கொடுத்தார்கள்.

வாப்பா அதை வாசிக்கவில்லை. நோயில் விழுந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் மவுத்தானா நீதான் தொழுவிக்கணும்."

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையை முன்னின்று நடத்த மகனுக்குத்தான் முதல் உரிமை. "ஓம் வாப்பா. ஆனா நான் முன்னுக்கு நிண்டா ஆக்கள் நித்திரையாகிருவாங்களே," என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகியது; இருமல் வெகுநேரம் ஓயவில்லை.

மூன்று வாரத்தில் போய்விட்டார்.

பள்ளிவாசலில் வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கை முன்னால் வைத்ததும் இமாம் என் பக்கம் திரும்பினார். "தொழுவிக்கிறீங்களா, சேர்?"

அந்தத் தொழுகையில் குனிவதில்லை, நெற்றியைத் தரையில் வைப்பதில்லை. நின்றபடியே நான்கு தக்பீர், அதாவது நான்கு முறை 'அல்லாஹு அக்பர்'. ஐவேளைப் பழக்கத்தில் நான் குனிந்துவிட்டால்? பின்னால் ஊரே நிற்கிறது. தத்துவம் படித்தவனுக்கு இதுவும் தெரியாது என்று சிரிக்குமே. என்னை நானே பகிடி பண்ணிக் காலம் தள்ளியவன், பிறர் சிரிப்புக்குப் பயந்தேன்.

"நீங்களே தொழுவிங்க, ஹஸரத்."

முதல் வரிசையில் நின்றேன். ஓத வேண்டியதெல்லாம் தானாக நாவில் வந்தது. ஒரு சொல்கூடத் தடக்கவில்லை. ஐந்து நிமிடமும் ஆகியிருக்காது. சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து வாவிக்கரையால் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தேன். உம்மா வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்தார்.

"நல்லா தொழுவிச்சியா மகன்?"

ஒரு பகிடி தேடினேன். அகப்படவில்லை.

"நான் தொழுவிக்கல்ல உம்மா. ஹஸரத்துக்கிட்டக் குடுத்திட்டன்."

"ஏன், பாடமில்லையா?"

"பாடம்தான். பிழைச்சிரும் எண்டு பயந்திட்டன்."

உம்மா ஏசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பிழைச்சா என்ன மகன்? வாப்பா எப்பயாவது ஒனக்குப் பிழை புடிச்சிரிக்காரா?"

ஒருநாளும் பிடித்ததில்லை.