பெங்களூர் ரயிலில் ஒரு பொருளாதார வகுப்பு

1. கறுப்புக் கட்டம்

"ரேவதி, கேமராவ ஆன் பண்ணு. மொகம் தெரியாத ஆளுக்கு நான் பாடம் நடத்த மாட்டேன்."

எங்கள் கல்லூரியில் ஆன்லைன் பட்டப்படிப்பு தொடங்கிய புதிதில் ஸ்டெல்லா மிஸ் இப்படிச் சொன்னார். வகுப்பில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரேவதி என்ற பெயருடன் இருந்த கறுப்புக் கட்டம் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு திரையிலிருந்து மறைந்தது.

கோலார் தங்கவயலில் ஒரு தனியார் கல்லூரி அது. அங்கே கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னிடம், ஆசிரியர்களை ஆன்லைன் வகுப்புக்குத் தயார்செய்யும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் பலருக்கும் பிழைப்பு பெங்களூரில்தான். விடிவதற்கு முன் ரயில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் எப்போது கல்லூரிக்கு வருவது? அவர்களுக்காகத் தொடங்கிய படிப்பு. மாணவர்கள் பாதியில் நின்றுபோனால் அடுத்த வருடம் மூடிவிடுவோம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லியிருந்தது.

முதல் பயிற்சியில் லிங்க் அனுப்புவது, மியூட் செய்வது, ஸ்கிரீன் ஷேர், ரெக்கார்டிங் என்று பொத்தான்களைத்தான் பழக்கினோம். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வரும் ஸ்டெல்லா மிஸ் எல்லோரையும் முந்திக் கற்றுக்கொண்டார். பொருளாதாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வகுப்பில் ஒரு பிள்ளையின் நெற்றி சுருங்கினால் போதும், பாடத்தை நிறுத்தி வேறு விதமாகச் சொல்வார். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தத் தைரியமெல்லாம் போய்விட்டது.

"செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்குதுங்க மேடம். புரிஞ்சுதா இல்லையான்னே தெரியல. என்ன விட்டுடுங்க, வேற ஆளப் போடுங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ரேவதி எனக்கு போன் செய்தாள்.

"மேடம், நான் கோர்ஸ விட்டுடறேங்க. கிளாஸ் நேரத்துல நான் ரயில்ல நின்னுகினு வரேன். கேமரா போட்டா பக்கத்துல இருக்கற பொம்பளைங்க எல்லாம் அதுல தெரிவாங்க. அவங்க இன்னா நெனப்பாங்க? எல்லார் எதிர்லயும் மிஸ் அப்பிடிச் சொன்னப்புறம் எனக்கு வர மனசில்ல."

கிருஷ்ணராஜபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. டிகிரி இருந்தால் அலுவலகப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் சேர்ந்தவள். "முடிவு எதுவும் பண்ணாத, ஒரு வாரம் பொறு, கிளாஸ மட்டும் கேட்டுட்டு இரு" என்று சொல்லி வைத்தேன்.

ஸ்டெல்லா மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எந்த ரயில்ல வரா?" என்று கேட்டார். "நானும் அதுல வந்து பாக்கறேன்."

2. பெண்கள் பெட்டி

மதியம் பஸ்ஸில் கிளம்பிப் போய், சாயங்கால ரயிலில் கிருஷ்ணராஜபுரத்தில் ஏறினோம். அன்றைக்கு நேரடி வகுப்புக்குப் பதிலாக ஸ்டெல்லா மிஸ்ஸின் பழைய ரெக்கார்டிங் ஒன்றை ஒளிபரப்பச் சொல்லியிருந்தேன்.

பெண்கள் பெட்டியில் கால்வைக்க இடமில்லை. கதவோரக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி ரேவதி நின்றிருந்தாள். மறு தோளில் கைப்பை, அதற்குள் செல்போன், துப்பட்டாவுக்கு அடியில் காதுக்குப் போகும் ஒயர். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"மிஸ், நீங்க எங்க இங்க?"

"உன் கிளாஸ்ல ஒக்காரத்தான் வந்தேன். ஒரு பக்கத்த எனக்குக் குடு."

ரேவதி ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றிக் கொடுத்தாள். கூட்டத்தில் இருவரும் தலையோடு தலை ஒட்டி நின்றார்கள். கீழே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா, டீச்சருங்களா? நின்னுகினே வரீங்களே" என்று நகர்ந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா மிஸ் அசையவில்லை. கண்ணை மூடித் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ரெக்கார்டிங் எனக்கும் தெரிந்ததுதான்.

"இதோ, இந்தக் கோடு இப்பிடி எறங்குது பாருங்க. இது இங்க வந்து அத வெட்டுது. அதனால இது இங்க வருது. புரிஞ்சுதில்ல?"

மிஸ் கண்ணைத் திறந்தார். "எது எத வெட்டுது? இன்னாத்தங்க சொல்லிட்டிருக்கேன் நான்?" என்று என்னைக் கேட்டார்.

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ஸ்கிரீன்ல போடறது எனக்குத் தெரியாதுங்க மிஸ். காதுல கேக்கறது மட்டும்தான். நடுவுல சிக்னல் போயி வந்தா எந்த எடத்துல இருக்கீங்கன்னு புரியாது. வீட்டுக்குப் போயி ரெக்கார்டிங் பாக்கலாம்னு நெனைப்பேன். சோறாக்கி முடிச்சா கண்ணு சொருகிடும்."

பங்காரப்பேட்டையில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"அன்னிக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார் மிஸ். "நாளைக்கு வா. கேமரா வேணாம்."

"வரேங்க மிஸ்" என்றாள் ரேவதி.

3. சுவரைப் பார்த்த நாற்காலிகள்

அடுத்த பயிற்சியை நானும் ஸ்டெல்லா மிஸ்ஸும் சேர்ந்து திட்டமிட்டோம். ஸ்டாஃப் ரூமில் எல்லா நாற்காலிகளையும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டோம். ஒருவர் போர்டில் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல், காதில் விழுந்ததை மட்டும் வைத்துப் படத்தைத் தாளில் வரைய வேண்டும்.

புள்ளியியல் வெங்கடேஷ் சாருக்கு இது பிடிக்கவில்லை. "இன்னா மேடம், பனிஷ்மென்ட்டா?" என்றார். இருந்தாலும் முதல் ஆளாக எழுந்து நடத்தினார். முடித்துவிட்டுத் தாள்களை வாங்கிப் பார்த்தவர், தானே சிரித்துவிட்டார்.

"நான் ஒரே ஒரு கோடுதான் சொன்னேன். ஆளுக்கொரு ஊரு மேப்பு போட்டு வெச்சிருக்கீங்களே."

அடுத்து ஸ்டெல்லா மிஸ். "டிமாண்ட் கோடு நடத்தறேன். சுரங்கக் கழிவு கொட்டின நம்ம சயனைடு மண்மேடு எல்லாரும் பாத்திருக்கீங்க. மேட்டு உச்சி உங்க இடது பக்கம் இருக்குது. சரிவு வலது பக்கமா எறங்குது. அதான் கோடு. உச்சியில வெல அதிகம், வாங்கறவங்க கம்மி. எறங்க எறங்க வெல கொறையுது, வாங்கறது கூடுது." சற்று நிறுத்தி, "சிக்னல் போயி இப்ப வந்து சேந்தவங்களுக்குச் சொல்றேன், நாம டிமாண்ட் கோட்டுலதான் இருக்கறோம்" என்றார்.

எல்லோருடைய தாளிலும் இடமிருந்து வலமாகச் சரியும் ஒரே கோடு.

"ஆய்த்து மேடம், ஒத்துக்கறேன்" என்று வெங்கடேஷ் சார் மறுபடி போர்டுக்குப் போனார். அன்று அவர் இன்னும் இரண்டு முறை நடத்தினார்.

அதன் பிறகு வகுப்புகள் மாறின. பாடத்தைச் சின்னத் துண்டுகளாக்கினோம். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பெயர் சொல்லி ஒரு கேள்வி. பேச முடிந்தவர் பேசலாம், முடியாதவர் ஒரு வார்த்தை டைப் செய்தால் போதும். ஒரு நாள் ஸ்டெல்லா மிஸ் கேட்ட கேள்விக்கு, ரயில் சத்தத்துக்கு நடுவே ரேவதி பதில் சொன்னாள். அது தப்பான பதில்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் என் அறைக்கு வந்தார். "எங்க தப்பு பண்றான்னு கண்டுபுடிச்சிட்டங்க மேடம். வெல மாறி கோட்டு மேலயே நகர்றதையும், கோடே எடம் மாறறதையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டிருக்கா. நாளைக்கு அத சரி பண்ணிடலாம்." அந்தப் படிப்பு தொடங்கியதிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. வேறு ஆளைப் போடச் சொல்லும் பேச்சு அதோடு நின்றது.

சிலர் அப்படியும் நின்றுபோனார்கள். எல்லோரையும் பிடித்துவைக்க எங்களால் முடியவில்லை. ஆனால் பெரும்பாலோர் தேர்வு எழுத வந்தார்கள். ரேவதி பொருளாதாரத்தில் தேறினாள். அடுத்த வருடச் சேர்க்கைக்கு விளம்பரப் போர்டு வைக்க நிர்வாகம் சம்மதித்தது. பக்கத்து ஊர்களான பேத்தமங்கலாவிலிருந்தும் பூதிகோட்டையிலிருந்தும் விசாரித்துப் பெண்கள் வந்தார்கள்.

இப்போது புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொத்தான்களை ஒரு மதியத்தில் பழகிவிடலாம். உங்கள் மாணவர் எங்கே நின்றுகொண்டு கேட்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது, காதில் என்ன விழுகிறது என்பதை முதலில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.