மாமனாரும் மீசைக்காரக் கள்ளனும்

நயாபைசா வந்த புதுசில் என்னைக் குற்றாலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பிறந்த வீடு இலஞ்சி. இரண்டுக்கும் நடுவே நடந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த முக்கால் மணி நேரத்தைக் கடக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

மாமனாருக்கு அருவிக்குப் போகிற பாதையில் பழக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மீசை என்றால் அப்படி ஒரு மீசை, இரண்டு கத்தரிக்காயைக் காம்போடு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். மற்ற கடைக்காரர்கள் குரங்கை விரட்டக் கம்பும் கவணும் வைத்திருப்பார்கள். இவருக்கு அதெல்லாம் வேண்டாம். "ஏலே" என்று ஒரு சத்தம் கொடுத்தால் எடுத்த பழத்தைக் குரங்கே திருப்பி வைத்துவிட்டுப் போகும். அக்கம்பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவதே இவரைக் காட்டித்தான்.

என் வீட்டுக்காரர் அப்பாவுக்கு முன்னால் இருமக்கூட மாட்டார், வெளியே போய் இருமிவிட்டு வருவார். நான் அதைவிட மோசம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பிறகும் மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காப்பி கொடுக்கணும் என்றால் டம்ளரைக் கதவோரம் வைத்துவிட்டு வளையலைக் குலுக்குவேன். ஒரு தரம் குலுக்கினால் காப்பி, இரண்டு தரம் குலுக்கினால் சாப்பாடு. அவரும் அதைப் பழகிக்கொண்டார்.

பிறந்த வீட்டோடு பகை வந்தது ஓர் இலையால். கல்யாணப் பந்தியில் இலை போடும்போது நுனி இடதுகைப் பக்கம் இருக்கணும். மாற்றிப் போட்டால் அது துட்டி வீட்டு இலை. என் சித்தப்பா பந்தி விசாரிக்கிற பரபரப்பில், பார்த்துப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கே நுனியை வலது பக்கம் போட்டுவிட்டார். மாமனார் இலையைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதிச் சோறு போடுகிறீர்களா என்று எழுந்தவர்தான். என் அப்பா கையெடுத்துக் கும்பிட்டும் கேட்கவில்லை. இனி உங்க வாசல் நடையை நான் மிதிக்கமாட்டேன், என் நடையை உங்க ஆள் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது என்று பந்திக்கு நடுவே நின்று சத்தியம் பண்ணிவிட்டார். அன்று அவர் பட்டினி. அவர் பட்டினி என்பதால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் எல்லோரும் பட்டினி. என் வீட்டுக்காரர் மட்டும் என் பங்கு லட்டை வாங்கித் தின்றார்.

அந்தச் சத்தியம் எனக்கு வினையாக வந்தது, நான் முழுகாமல் இருந்தபோது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்கு ஏழாம் மாசத்தில் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போகணும். அவர்கள் எப்படி வருவார்கள்? அப்பா ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினார். மாமனார், குற்றாலத்தில் மருத்துவச்சி இல்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டார். எனக்கு ஆனியோடு ஏழு முடிகிறது. எட்டாம் மாசம் இரட்டைப்படை, போதாததற்கு ஆடி. அப்போது யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். ஆவணி பிறந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வலி கண்டுவிடும். ஆனியில் போனால்தான் உண்டு. எனக்கோ அம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவதை நினைக்கவே பயம். யாரிடம் சொல்ல? அடுப்பிடம் சொல்லி அழுவேன். புகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

சாரல் சீசனுக்கு ஒரு டெண்டுக் கொட்டகை வந்திருந்தது. பெரிய படத்துக்கு முன்னால் ஒரு பொம்மைப் படம் போடுகிறார்கள், கோடு போட்டு வரைந்த ஆட்கள் எல்லாம் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள் என்று ஊரே பேசியது. மாமனாருக்குச் சினிமா என்றாலே ஆகாது. குடும்பத்தைக் கெடுக்கிற வஸ்து என்பார். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அதைப் பார்க்காமல் உறக்கம் வரவில்லை. ஒரு நாள் மாமனார் சுரண்டைச் சந்தைக்குப் போறேன், வர ராத்திரி ஆகிவிடும் என்று புறப்பட்டார். பொழுது அடைந்ததும் அத்தை என்னைக் கிளப்பினாள்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி. நடுவில் ஓலைத்தட்டி. விளக்கை அணைத்ததும் பொம்மைப் படம் ஓடியது. வெளிநாட்டுப் படம். ஆட்களுக்குப் பேச்சு கிடையாது, வாத்தியச் சத்தம்தான். அதனால் டிக்கெட் கிழிக்கிறவரே திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார்.

ஒரு கள்ளன். தொப்பையும் மீசையுமாக, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி. ஒரு வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கிச் சாமான்களைச் சாக்கில் போடுகிறான். மூலையில் தொட்டில். பிள்ளை வீறிட்டு அழுகிறது. அக்கம்பக்கம் முழித்துவிடுமே என்று தொட்டிலை ஆட்டுகிறான். பிள்ளை சிரிக்கிறது. விட்டால் அழுகிறது.

"கள்ளப்பய படுத பாட்டப் பாருங்க," என்றார் டிக்கெட்காரர். "காலால தொட்டில ஆட்டுதான், கையால சாமான அள்ளுதான். இவன் பொண்டாட்டி குடுத்து வச்சவ."

எடுத்த சாமானையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறான். கடைசியில் சாக்கு காலி. அத்தை என் விலாவில் இடித்தாள். "ஏட்டி, மீசையப் பாரு. உங்க மாமால்லா."

அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அடக்க அடக்க வருகிறது. வயிற்றுப்பிள்ளையும் சேர்ந்து குலுங்கியது.

அப்போது கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கள்ளனைப் பிடித்து விளக்குமாற்றால் சாத்துகிறார்கள். பிள்ளை அவனைப் பார்த்துக் கையை நீட்டி அழுகிறது. ஒருத்தரும் பிள்ளையைக் கவனிக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே மடையனுவளா, அவன ஏம்லே அடிக்கிய? மொதல்ல பிள்ளயத் தூக்குங்கலே."

கொட்டகையே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அந்த 'ஏலே' யாருடையது என்று குரங்குக்கே தெரியும், எங்களுக்குத் தெரியாதா? முக்காடு போட்டுக்கொண்டு, பெரிய படம் தொடங்குமுன்னே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். அத்தை சோறு வைத்துக்கொண்டே, சுரண்டையில் மழையா என்று கேட்டாள். சாரல்தான் என்றார். சாரல் குற்றாலத்தில் அல்லவா, சுரண்டையில் ஏது சாரல்?

அவர் எங்களைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியாமல் இரண்டு நாள் பயந்து செத்தோம். மூன்றாம் நாள் அவராலேயே இருக்க முடியவில்லை. கடைக்கு வந்த யாரோ சொன்னார்களாம், கொட்டகையில் இப்படி ஒரு கதை ஓடுகிறதாம் என்று அத்தையிடம் ஆரம்பித்தார். ஓட்டைப் பிரித்ததிலிருந்து விளக்குமாறு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அத்தையும் புதுசாகக் கேட்கிற மாதிரி 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்து, என்ன இருந்தாலும் கள்ளன் கள்ளன்தானே, அடித்தால் என்ன என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவன என்ன குத்தம் சொல்ல? பெத்தவ பக்கத்துல இல்லன்னா பிள்ள அழத்தான செய்யும்?"

நான் கதவுக்குப் பின்னால் காப்பி டம்ளரோடு நிற்கிறேன். வளையலைக் குலுக்கியிருக்கணும். கை வரவில்லை, வாய் வந்துவிட்டது.

"ஆமா மாமா. எனக்கும் அப்படித்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று எனக்கே தெரிந்தது.

"யாரு பேசுனது?" என்றார் மாமனார்.

"உங்க மருமவதான். அவளுக்கும் வாய் இருக்கு," என்றாள் அத்தை.

காப்பி குடிக்காமலே கடைக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கடையில் சத்தமே கேட்கவில்லை. குரங்குகள் ஒரு சீப்பு பூவன்பழத்தை உட்கார்ந்து நிதானமாகத் தின்றுவிட்டுப் போயினவாம். நான் செய்தது எத்தனை பெரிய பிழையோ என்று அன்று முழுக்க அடுப்படியை விட்டு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் மாட்டுவண்டி நின்றது. மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு அத்தையிடம் சொன்னார். செங்கோட்டைக்குப் பலாப்பழம் போகிறது. வண்டி இலஞ்சி வழியாகத்தான் போகும். பின்னால் கொஞ்சம் இடம் கிடக்கிறது. அவ்வளவுதான். ஆனி முடிய நாலு நாள் இருந்தது. அத்தை இரண்டாவது பேச்சுக்கு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு, கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலைப் போட்டு, பூ வைத்து, என்னைப் பலாப்பழங்களுக்கு நடுவில் ஏற்றி உட்காரவைத்துவிட்டாள்.

மாமனார் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார். என்னிடம் பேசவில்லை. பள்ளம் வந்தால் மட்டும் மாட்டிடம், "மெல்லப் போலே, சாமான் இருக்கு," என்பார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வீடு முன்னதாகவே வண்டியை நிறுத்தினார். சத்தியம் இருக்கிறதே. தெருவைப் பார்த்து, பலாப்பழம் வந்திருக்கு, எறக்கிக்கிடுங்க என்று பொதுவாகச் சத்தம் கொடுத்தார். அம்மா, நாங்கள் பழம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் வண்டிக்கு ஓடி வந்தாள். நான் இறங்கி அவள் தோளைப் பிடித்ததும் வண்டி போய்விட்டது.

அம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து முடிக்கவில்லை, திரும்பவும் மாட்டு மணிச் சத்தம். என் துணிமணி வைத்த ட்ரங்குப் பெட்டி பலாப்பழத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டதை மாமனாரும் நானும் மறந்திருக்கிறோம். மாமனார் பெட்டியை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு, யாரும் எடுக்க வருகிறார்களா என்று வானத்தைப் பார்த்தபடி நின்றார். அப்பா வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒரு வருஷமாகப் பேசாதவர்கள்.

"கனமா இருக்கும் அண்ணாச்சி, ஒரு கை பிடிக்கேன்," என்றார் அப்பா.

அப்பா ஒரு வளையத்தையும் அவர் ஒரு வளையத்தையும் பிடித்துத் தூக்கினார்கள். அப்பா பின்பக்கமாகவே நடந்து நடையைத் தாண்ட, பெட்டி தாண்ட, பெட்டியைப் பிடித்திருந்தவரும் தாண்டிவிட்டார். கூடத்தில் பெட்டியை வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"பொட்டிதான் உள்ள வந்துது. நான் வரல," என்றார்.

"சரி அண்ணாச்சி, நீங்க வரல," என்றார் அப்பா. "பொட்டி ஒரு வாய் காப்பி குடிக்குமா?"

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சீனி கொறச்சு," என்றார்.