பருப்பு வேகாத ஊர்

வேனில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். என் மனைவி சரசு. என் சிநேகிதன் பழனியப்பன் — திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போய் ஊர் ஊராக போர்க்கிணறு போட்டவன். அவன் மனைவி ருக்குமணி. சமையலுக்கு செல்லமுத்து. ஸ்டியரிங்கில் தினேசு.

கூடவே ஒரு சிப்பம் அரிசி, கேஸ் அடுப்பு, குக்கர், துவரம்பருப்பு, நெய் டின்.

சங்ககிரியில் கிளம்பினோம். போன இடம் ஜோத்பூர்.

காசி, ராமேஸ்வரம் போகிற வயசில் ராஜஸ்தானுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பழனியப்பனுக்காகத்தான்.

அவனுக்குச் சர்க்கரை. வலது கண் போய்விட்டது. இடது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிகிறது. ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துக் கொடுத்தார் சேலத்து டாக்டர். "பார்வை நிக்குங்களா?" என்று கேட்டேன். "செய்து பார்க்கலாம்" என்றார்.

டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? உங்களுக்கே தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் எதையாவது பார்க்க ஆசை இருக்கிறதா என்று ருக்குமணி கேட்டிருக்கிறாள். ஏதாவது கோயில் பெயரைச் சொல்வான் என்று நினைத்தாளாம்.

"ஜோத்பூர் கோட்டை" என்றான்.

அந்தக் கோட்டையை அவன் பார்க்காதவன் இல்லை. வருஷக்கணக்காகப் பார்த்தவன். ஆனால் தூரத்திலிருந்து. ரிக் வண்டிக்கு ஊருக்கு வெளியேதான் வேலை. துளை போடும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர்; ஒரு பாயிண்ட் முடிந்தால் அடுத்த பாயிண்ட். வண்டி நிற்கக் கூடாது. தலை முதல் கால் வரை கல் மாவு. அந்தக் கோலத்தில் எந்த அரண்மனைக்குள் விடுவார்கள்? குழாயை இறக்கிக்கொண்டே பார்ப்பானாம். மலை மேல் இன்னொரு மலையை வைத்த மாதிரி நிற்குமாம் அது.

உள்ளே தங்கத்தில் விதானம், கண்ணாடி பதித்த அறை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். அதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. அவனிடம் ஒரே கேள்விதான். போகும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தான்.

"கீழ நாங்க எத்தன அடி எறக்குனாலும் பாதி எடத்துல தண்ணியில்லாமப் பொகையாத்தான் வரும். அந்தப் பாறை மேல ராசா, ராணி, குதிர, ஆளு அம்பு... அத்தன பேரும் என்னத்தடா குடிச்சிருப்பாங்க?"

"போயிப் பாத்தாத் தெரியுது" என்றேன்.

"அதத்தான் பாக்கோணும். கண்ணுல பாக்கோணும்."

போய்ச் சேர்ந்தோம். காலையில் ஊரைச் சுற்றினோம். ஒரு அரண்மனையை வாசலோடு பார்த்தாயிற்று. மணிக்கூண்டைச் சுற்றி பஜார். மிளகாய் மூட்டை, வெள்ளி, வளையல், சுங்குடி மாதிரி புள்ளி புள்ளியாகச் சேலை. பெண்கள் இரண்டு பேரையும் அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

பழனியப்பன் ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டான். முகத்தைக் கோட்டைப் பக்கம் வைத்துக்கொண்டான்.

"ஏனுங்க, இந்தக் கலரு நல்லாருக்குதுங்களா?" ருக்குமணி சேலையை அவன் முன்னால் விரித்தாள்.

"எனக்கு இப்ப எல்லாக் கலரும் ஒண்ணுதான் புள்ள. எடுத்துக்க."

தமாஷாகத்தான் சொன்னான். சேலையை மடித்து வைத்துவிட்டாள்.

உடனே கோட்டைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "வெயில் தாழட்டும். சாப்புட்டுட்டு நிதானமா ஏறலாம்" என்றேன் நான். எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்லதைக் கடைசிக்கு வைப்பதுதானே நம் வழக்கம்?

கோட்டை தெரிகிற மாதிரி ஒரு காலி இடம். பக்கத்தில் டீக்கடை. கடைக்காரரிடம் பழனியப்பன் இந்தியில் பேசினான். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னார். செல்லமுத்து அடுப்பைப் பற்ற வைத்தார். ஒரு பக்கம் சோறு, இன்னொரு பக்கம் குக்கரில் பருப்பு.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். பழனியப்பன் வீட்டில் ஒரு பழக்கம். குக்கரில் முதல் விசில் வந்தால் அவன் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொள்வான். ஊசியை வைத்துவிட்டுக் கை கழுவி உட்கார்ந்தால் இலையில் சோறு இருக்கும். கடிகாரமே பார்க்க மாட்டார்கள்.

ஜோத்பூரிலும் விசில் வந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டான்.

செல்லமுத்து மூடியைத் திறந்தார். பருப்பு போட்டது போட்டபடி கிடந்தது.

"அண்ணா, வேகுலீங்க. இன்னும் நாலு விசில் உடறனுங்க."

விட்டார். திறந்தார். அப்படியே இருந்தது.

பழனியப்பன் குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தான். "உப்புடா. இதுல பருப்பு வேகாது. இந்தப் பக்கம் பூரா இப்பிடித்தான். நாங்க போட்ட போராக்கூட இருக்கும்."

"அப்ப நம்ம பருப்ப வேகவுடாமப் பண்றது நீங்கதானுங்களாண்ணா?" என்றாள் சரசு.

எல்லாரும் சிரித்தோம். அவன்தான் ரொம்ப நேரம் சிரித்தான்.

பிறகு சொன்னான்: "தயிர் இருக்குதல்ல? சோத்துல ஊத்திக் குடுங்க. தின்னுபோட்டு ஏறலாம்."

கேட்டோமா?

"அவ்வளவு தூரம் வந்து அண்ணனுக்கு வெறும் தயிர்ச்சோறா? பருப்பும் நெய்யும் இல்லாம எலை போடறதாக்கும்" என்றாள் சரசு. "இன்னும் ரெண்டே விசிலுங்க" என்றார் செல்லமுத்து. "வழியெல்லாம் ரொட்டி தின்னு நாக்கு செத்துப்போச்சுங்க" என்றான் தினேசு. நான்? "வேகட்டும் பழனி, கோட்ட எங்கீம் போயிறாது" என்றேன்.

கோட்டை போகவில்லைதான்.

கொஞ்ச நேரத்தில் பழனியப்பனுக்கு வேர்த்தது. கை நடுங்கியது. ஊசி ஏறியிருக்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. ருக்குமணி ஓடி வந்து வெல்லத்தை வாயில் போட்டாள். தினேசு டீக்கடையில் பழம் வாங்கி வந்தான். அவசரமாகத் தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டினோம். அவன் முதலிலேயே கேட்ட தயிர்ச்சோறு.

வேனில் படுக்க வைத்தோம். வேர்வை அடங்கியது.

"போலாமாடா?" என்று எழுந்து உட்கார்ந்தான்.

"பேசாமப் படுங்க" என்று ருக்குமணி தோளை அழுத்தினாள். "நல்லாத் தெளியட்டும்."

தெளிந்தது. அதற்குள் வெயிலும் தாழ்ந்துவிட்டது. செல்லமுத்து பருப்பை மத்தால் கடைந்து பார்த்தார். கடைபடவில்லை. கீழே கொட்டினார்.

வேன் மேலே ஏறிப் போய் நின்றபோது, எதிரே கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். டிக்கெட் கவுண்டர் மூடியிருந்தது.

பெரிய மீசை வைத்த ஒரு காவலாளி. மரியாதையான மனுஷர். பழனியப்பன் அவரிடம் இந்தியில் பேசினான். நாளைக் காலையில் வாருங்கள் என்றார் அவர். நாளைக்கு ஏது? அன்றைக்கே கிளம்பினால்தான் வெள்ளிக்கிழமைக்குச் சேலம். பழனியப்பன் தன் கண்ணைக் காட்டி ஏதோ சொன்னான். காவலாளி அவன் முகத்தையே பார்த்தார். அவன் கையைப் பிடித்து முதல் வாசலுக்குள் கூட்டிப் போய் நிறுத்தினார். அதற்கு மேல் அவருக்கும் அதிகாரம் இல்லை.

பழனியப்பன் அண்ணாந்து பார்த்தான். சுவர் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. அவனுக்கு எவ்வளவு தூரம் தெரிந்ததோ... நான் கேட்கவில்லை. அடியில் இருந்த பாறையை உள்ளங்கையால் தட்டினான்.

"நல்ல கல்லு. தொளைக்கிற எங்க பிட்டு தேஞ்சே போயிருக்கும்."

பிறகு அந்தத் தண்ணீர்க் கேள்வியைக் காவலாளியிடம் கேட்டான். அவர் மேலே கையைக் காட்டினார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"இன்னும் நெறைய வாசல் இருக்குதாம். ஏழாவது தாண்டி உள்ள போயிப் பாருங்கன்னு சொல்றாரு."

பின்னால் இன்னொரு காவலாளி விசில் ஊதினார். எல்லாரும் வெளியே போக வேண்டிய நேரம். பழனியப்பன் அந்தச் சத்தத்துக்கு லேசாகத் திடுக்கிட்டான். பிறகு சிரித்துவிட்டான்.

திரும்பும்போது தினேசுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது செல்போனை எடுத்துத் தேடினான்.

"பெரியப்பா, இதுல போட்டிருக்குதுங்க. கோட்டைக்குத் தண்ணி எப்பிடிப் போச்சுன்னு. படிக்கட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி" என்றான் பழனியப்பன். "கண்ணுல பாத்துத் தெரிஞ்சுக்கோணும்னு வெச்சிருந்தேன். காதுல வேண்டாம்."

தினேசு செல்போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

நம் ஆட்கள் எங்கே போனாலும் ஊரையும் கட்டி எடுத்துக்கொண்டு போகிறோம். அரிசி, பருப்பு, அடுப்பு, நெய், நம் சாப்பாட்டு நேரம், நம் பரிமாறும் வரிசை. எல்லாவற்றையும் இறக்கி வைத்தபின் போன ஊருக்கு எங்கே இடம் இருக்கிறது? ஒருவன் தயிர்ச்சோறு போதும் என்கிறான். அவனுக்காகத்தான் போயிருக்கிறோம். அவன் சொல்வதைத் தவிர எல்லாம் செய்கிறோம். பாசத்தில்தான் செய்கிறோம். அதனால்தான் யாரையும் திட்டவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்துவிட்டார்கள். வெளிச்சம் தெரிகிறது. ஆள் தெரியவில்லை. இனி இவ்வளவுதான் என்கிறார் டாக்டர்.

நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. பழனியப்பன் ஊசிக்குக் கையை நீட்டினான். ருக்குமணி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. பருப்பு வெந்துதான்னு பாத்துட்டு வாரேன்."

அந்தக் கோட்டைக்கு வாசல் ஏழு. பழனியப்பன் பார்த்தது ஒன்று.