செத்தவர்களுக்குப் பத்தியம் இல்லை

பூசணிக்காயை ஆவியில் வேகவைத்து, உப்புக்கூடப் படாமல் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள் லம்துவான். விகாரைச் சமையற்கட்டை அவள் கையில் எடுத்த நாளிலிருந்து அங்கே தேங்காய்ப்பாலுக்கு அனுமதி இல்லை. இத்தனைக்கும் அவள் பேட்சபுரிக் கடைத்தெருவில் மோகேங் விற்றே வீடு கட்டியவள். முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் மூன்றையும் அடித்துத் தணலில் சுட்டு, மேலே பொரித்த வெங்காயம் தூவினால் அதுதான் மோகேங்.

எல்லாம் விகாரைத் தலைவரான பெரிய சாமியின் முழங்காலுக்காக. நூறு கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் பிச்சைப் பாத்திரத்தோடு தெருவில் வர அவரால் முடியவில்லை. தெருவே சோற்றைத் தூக்கிக்கொண்டு விகாரைக்கு வந்தது. லம்துவான் வீடு வீடாகப் போய், "சீனி போட்டா புண்ணியம் கரைஞ்சிரும், பாத்துக்க" என்று பயமுறுத்தி வைத்தாள்.

முதலில் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு நூற்றுநாலில் வந்து, நடுரோட்டில் படுத்த எருமை மாதிரி அசையவே இல்லை. உடம்பு கொஞ்ச நாள் அப்படித்தான் பிடிவாதம் பிடிக்கும் என்றார் டாக்டர்.

"உடம்புக்கு ஏது பிடிவாதம்? யாரோ ஊட்டுறாங்க," என்றாள் லம்துவான்.

சாயங்காலக் கரும்புச்சாற்றை நிறுத்திப் பார்த்தாள். தராசு முள் நகரவில்லை. வருகிற பாத்திரத்தையெல்லாம் திறந்து மோந்து பார்த்தாள். கடைசியில் குழம்புக்கடைச் சங்வியன் அகப்பட்டாள்.

"தொறடி மூடிய."

"நீ என்னக்கா, சுங்க அதிகாரியா? இந்தா, அவிச்ச மீன். போதுமா?"

"அந்தச் சின்னப் பொட்டலம்?"

"அது சாமிக்கு இல்ல. எங்கம்மாவுக்கு. டுரியான் போட்ட ஒட்டரிசின்னா உசுர விடுவா. அவ செத்த கிழமையில வாராவாரம் வைப்பேன். அது கணக்குல வராது."

"வராதா? போறது யாரு வயித்துக்குள்ளடி?"

"அப்படி வா! புதன்கிழமையானா நீ தூக்கிட்டு வர்ற மோகேங் யாரு வயித்துக்குள்ள போகுது?"

அந்த மோகேங் செத்துப்போன சனித்துடையது. தட்டின் தீய்ந்த ஓரத்தைக் கரண்டியால் சுரண்டித் தின்றே காலம் கழித்த அவள் புருஷன். சாமி சாப்பிட்டால் அது அவருக்குப் போய்ச் சேரும், ஊரறிந்த விஷயம். அதைச் சாமியின் சாப்பாடாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"அது எங்க வீட்டுக்காரருக்கு," என்றாள், குரல் இறங்கி.

"எங்கம்மா மட்டும் பட்டினி கிடக்கணுமா? மில்லுக்காரர் பொண்டாட்டி மாமனாருக்குன்னு பன்னிக்கால் கொண்டாறா. உசுரோட இருக்கறவங்க எல்லாரும் உன் பேச்சக் கேட்டோம். செத்தவங்ககிட்ட நீ பேசவே இல்லையேக்கா!"

அடுத்த புதன்கிழமை வெல்லம் போடாமல் ஒரு தட்டு சுட்டுப் பார்த்தாள். வாயில் வைத்ததும் துப்பினாள். வெல்லம் குறைந்தால் உயிரோடு இருந்தபோதே தட்டைத் திருப்பி அனுப்பிய மனிதர். இதை அனுப்பினால் கனவில் வந்து முகத்தில் எறிவார். கொண்டுபோனால் சாமியின் முழங்கால் தேறாது. கொண்டுபோகாவிட்டால் சனித் வெறுந்தட்டோடு காத்திருப்பார். குளிக்கும்போதும் இதே யோசனை, தலை சீவும்போதும் இதே யோசனை. முடிவில் முழு வெல்லமும் போட்டு வேறொரு தட்டுச் சுட்டாள். கூடவே ஒரு சின்ன ஸ்பூனையும் எடுத்துக்கொண்டாள்.

விகாரைக் கூடத்தில் பூசணிக்காய் தீர்ந்திருந்தது. பெண் கையிலிருந்து நேராக வாங்கக் கூடாதென்று சாமி துணியை முன்னால் விரித்தார். அதன்மேல் வைத்துவிட்டால் கொடுத்ததாகிவிடும். லம்துவான் தட்டைத் துணிக்கு ஒரு விரற்கடை மேலேயே பிடித்திருந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும்மா." அவர் பார்வை பொரித்த வெங்காயத்தில் இருந்தது.

"நீங்க ஒரு ஸ்பூன் சாப்பிட்டாலே எங்க வீட்டுக்காரருக்குப் போய்ச் சேந்திருமா? இல்ல, இத்தனை நாளும் சாப்பிட்ட மாதிரி முழுத் தட்டும் தீந்தாத்தான் சேருமா?"

சாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி மோகேங்கைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாத காவி அது. உண்மையைச் சொன்னால் இனி ஒரு ஸ்பூன்தான்.

பிறகு துணியை மெதுவாக மடித்தார். தூணைப் பிடித்து எழுந்தார். இரண்டு முழங்காலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின.

"சாமி, சொல்லிட்டுப் போங்க! கை வலிக்குது!"

அவர் விந்தி விந்தித் தம் அறைப்பக்கம் நடந்து, கதவைத் தாண்டிப் போய்விட்டார்.