விதி மாறிய வருடம்

மாரிடெலின் இடது கை மீனை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் இடுக்கி. முதுகு வழியாகப் பிளந்து விரித்த பால் கெண்டையில் முள் ஊசி ஊசியாக ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தடவிக் கண்டுபிடித்து, சதை கிழியாமல் சாய்வாக இழுக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் எங்கள் டகுபான் ஊரில் இந்த வேலை செய்யும் பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி அவள். வேலை முடிந்ததும் சின்ன எலுமிச்சையைப் பிழிந்து கையைத் தேய்ப்பாள். நாற்றம் முழுசாகப் போனதில்லை.

அன்று காலை சலூன்காரர் அர்செனியோ செருப்பு தெறிக்க ஓடி வந்தார். ஊரில் அவரைப் பெண் பெயராகச் சென்யா என்றுதான், இல்லாவிட்டால் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணன் என்று யாராவது சொல்லிவிட்டால் அடுத்த முறை முடிவெட்டும்போது பழி தீர்த்துக்கொள்வார்.

"ஏண்டி, போனைப் பாத்தியா இல்லையா? அழகிப் போட்டி விதியை மாத்திட்டாங்க. வயசு வரம்பு கிடையாதாம். கல்யாணம் ஆனவ வரலாம், பிள்ளை பெத்தவ வரலாம்."

மாரிடெலின் இடுக்கி நின்றது.

"கிழவிங்க வரலாமா?" என்று உள்ளிருந்து நான் கேட்டேன்.

"வாங்க நர்ஸம்மா. நீச்சல் உடை நானே தைச்சுத் தரேன். துணிதான் கொஞ்சம் கூட வேணும்."

நான் நர்ஸ் இல்லை. பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். தைவானில் படுக்கையில் கிடந்தவர்களைப் பல வருஷம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். மாரிடெலின் அக்கா லிகாயாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். லிகாயாவுக்கு வலது பக்கம் அசையாது. பேச்சு இழுத்து இழுத்து வரும். வீட்டில் இன்னொருத்தி ஜெலாய், பதினாறு வயது, பள்ளிக்கூடம் போகிறவள். லிகாயாவை அம்மா என்பாள், மாரிடெலைச் சித்தி என்பாள்.

அவளைப் பெற்றவள் மாரிடெல்தான். தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. ஜெலாயிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தொன்பது வயதில் மாரிடெல் எங்கள் மாகாணத்தின் சார்பில் நாட்டு அழகிப் போட்டிக்குத் தேர்வானாள். அப்போது ஜெலாய் இரண்டு மாதக் குழந்தை. தகப்பன் கப்பலேறிப் போனவன், அதோடு சரி. பிள்ளை பெற்றவள் மேடையேறக் கூடாது என்பது அன்றைய விதி. லிகாயாவுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் இருந்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று பேசி, பிள்ளையை லிகாயாவின் பிள்ளையாகவே பதிந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. எத்தனையோ வீட்டில் அக்கா அம்மாவாகவும் அம்மா அக்காவாகவும் இருக்கிறார்கள்.

மாரிடெல் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணிலாவுக்குப் போனாள். ஒத்திகையில் பால் கசிந்து மஞ்சள் கவுனில் திட்டுத் திட்டாகத் தெரிந்ததாம். வியர்வை என்று சொல்லிச் சமாளித்தாளாம். முதல் சுற்றோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவமானத்தில் ஊருக்கு வராமல் மணிலாவிலேயே துணிக்கடையில் நின்றாள். நாலு வருஷம் கழித்து வந்தபோது குழந்தை லிகாயாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரு இவங்க?" என்று கேட்டது. "உன் சித்தி" என்றாள் லிகாயா. மாரிடெல் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஜெலாய் ஒரு தடவை அம்மா என்று கூப்பிட வேண்டும். அதை என்னிடமே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

சென்யா வந்து போன அன்று மத்தியானம், ஜெலாய் பள்ளியில் இருந்தபோது, அக்காவும் தங்கையும் பேசினார்கள். நான் லிகாயாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அவகிட்ட... சொல்லிட்டு... போ" என்றாள் லிகாயா.

"வெறும் மீன்காரியா நின்னு எப்படிக்கா சொல்றது? மேடையில நின்னு சொன்னா அவளுக்கும் பெருமையா இருக்கும். எந்த மேடைக்காக அவளை மறைச்சேனோ, அதே மேடையில சொல்லுவேன்."

"இப்பவே சொல்லு. அடுக்களையில வச்சே சொல்லு. சோறு வேகறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன்.

"உங்களுக்கு எல்லாமே கட்டு மாத்தற மாதிரிதான், நர்ஸம்மா."

"ஆமா. கட்டை நாள் தள்ளிப் பிரிச்சா தோலையும் சேர்த்து உரிச்சுக்கிட்டுதான் வரும்."

லிகாயாவின் வாயோரம் கஞ்சி வழிந்தது. துடைத்தேன். கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது. சொல்லிவிட்டுப் போ என்று அவள் சொன்னது சின்ன காரியமில்லை. பதினாறு வருஷம் வளர்த்தவள். சொன்ன பிறகு பிள்ளை யார் பக்கம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பயிற்சி எங்கள் சந்திலேயே நடந்தது. சென்யா கையில் விசிறியோடு முன்னால் நடப்பார்; பின்னால் உயரக் குதிகால் செருப்பில் மாரிடெல். ஐஸ் பெட்டி இறக்குகிற ஆட்கள் வழிவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"இடுப்பு எங்கடி போச்சு? அடமானம் வச்சிட்டியா?"

"முப்பத்தஞ்சு வயசு இடுப்பு, அக்கா. கூப்பிட்ட உடனே வராது."

குதிகாலில் கொப்புளம் வெடித்து ரத்தம் வந்தது. உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போட்டேன். மறுநாளும் நடந்தாள். மீனையும் விடவில்லை, நடந்துவிட்டு வந்து முள் எடுப்பாள். வெள்ளி நிற மேடை உடையைச் சென்யாவே தைத்தார். மாகாணத் தேர்வில் இருபது வயதுப் பெண்களுக்கு நடுவே நின்று ஜெயித்துவிட்டாள். எனக்கே ஆச்சரியம்தான்.

எல்லாரையும் விட அதிகம் உழைத்தது ஜெலாய். கேள்வி பதில் சுற்றுக்கு அவள்தான் வாத்தியார். அடுக்களையில் சித்தியை நிற்க வைத்து, கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"சித்தி, பல்லு தெரியணும், ஈறு தெரியக் கூடாது. சரி, கேள்வி. உங்க வாழ்க்கையில நீங்க ரொம்ப நேசிக்கிற ஆள் யாரு?"

மாரிடெல் அவளைப் பார்த்தாள். உதடு திறந்தது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"இயேசு" என்றாள் மாரிடெல்.

ஜெலாய் கரண்டியை உடனே எடுக்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். பிறகு, "எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. மார்க் வராது" என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

மணிலாவுக்குக் கிளம்பும்போது சித்தியின் பைக்குள் ஊக்கு, வலி மாத்திரை, உப்பு பிஸ்கட் எல்லாம் எடுத்து வைத்தது அவள்தான். வாசலில் மாரிடெல் அவள் தலையைத் தொட்டு, "டிவியைப் பாக்காம இருந்திடாத. உனக்கு ஒண்ணு சொல்லுவேன்" என்றாள்.

"இங்கேயே சொல்லிட்டுப் போங்களேன், சித்தி."

"அங்க சொல்றேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சென்யா கத்தினார். அவள் போனாள்.

இறுதிச் சுற்று சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் தெருவின் கூடைப்பந்துத் திடலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். யாரோ பெரிய அண்டாவில் நூடுல்ஸ் கிளறிக் கொண்டு வந்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் வைத்து லிகாயாவைத் தள்ளிக்கொண்டு போனேன். ஜெலாய் முன்வரிசையில், 'எங்கள் சித்தி' என்று பெரிதாகத் தன் கையால் எழுதிய அட்டையோடு நின்றாள். மாரிடெல் பத்துப் பேரில் ஒருத்தியாக வந்தபோது திடல் அதிர்ந்தது. ஐந்து பேரில் ஒருத்தியாக வந்தபோது மீன் இறக்குகிற ஆள் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். குளித்திருந்தார், பரவாயில்லை.

அப்போது கேள்வி வந்தது. வாழ்க்கையில் ஒரு நாளைத் திருப்பி வாழலாம் என்றால் எந்த நாள்?

மாரிடெல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நான் பத்தொன்பது வயசுல ஒரு பெண் குழந்தையைப் பெத்தேன். இந்த மேடைக்கு வரணும்னு அவளை என் அக்கா பிள்ளைன்னு சொன்னேன். அந்த நாளைத் திருப்பித் தாங்க. ஜெலாய், நான் உன் சித்தி இல்லைம்மா. நான்தான் உன் அம்மா. இன்னைக்கு இந்த மேடை என்னை அம்மான்னு ஏத்துக்கிச்சு. நீயும் ஏத்துக்கோ."

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. எங்கள் திடலில் பெண்கள் அழுதார்கள். எல்லார் முகமும் ஜெலாய் பக்கம் திரும்பியது. யாரோ போனைத் தூக்கி அவளைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

ஜெலாய் அட்டையைக் கவிழ்த்து நாற்காலியின் மேல் வைத்தாள். என்னிடம் வந்து, "நர்ஸம்மா, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் ஆச்சு" என்றாள். சக்கர நாற்காலியின் பிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கித் தள்ளினாள்.

வீட்டில் நான் கற்றுக்கொடுத்தபடியே செய்தாள். முழங்காலை மடக்கினாள், தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரே சமயத்தில் திருப்பினாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள். லிகாயா விம்மினாள்.

"அழாதம்மா. மூக்கடைச்சா மூச்சுத் திணறும்."

"உனக்கு..." என்றாள் லிகாயா.

"தெரியும். பத்து வயசுலேயே தெரியும். மீன் சந்தையில யாரு சொல்லாம இருந்தா?"

திடலிலிருந்து சத்தம் வந்தது. மாரிடெலுக்கு மூன்றாம் இடம். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஜெலாய் எடுத்து, லிகாயாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிப் படுக்கையில் வைத்தாள்.

"ஜெலாய்? பாத்தியா?"

"பாத்தேன். வாழ்த்துக்கள், சித்தி."

ஜெலாய் போன் பக்கம் குனிந்தாள்.

"பத்து வயசுலேருந்து நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். மீன் கழுவும்போது சொல்லுவீங்க, தலை பின்னும்போது சொல்லுவீங்கன்னு. அன்னைக்கு அடுக்களையில நானே கேட்டேன். நீங்க சொல்லல."

"பயந்தேம்மா."

"போட்டிக்காரங்க விதியை மாத்தினதும் நான் உங்க மகளாயிட்டேன். அவங்க மாத்தாம இருந்திருந்தா? நான் இன்னும் அக்கா மகதானே?"

மாரிடெல் அழுதாள். பின்னால் சென்யா யாரையோ, "கொஞ்சம் வெளிய இருங்க, போட்டோ அப்புறம் எடுக்கலாம்" என்று விரட்டுவது கேட்டது.

"ஊரே பாத்துச்சு, சித்தி. என் முகத்தைப் படம் பிடிச்சாங்க. அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க, அவங்களை யாரும் பாக்கல. பத்திரமா வாங்க. பஸ்ல தூங்குங்க."

அவளே போனை அணைத்தாள். லிகாயா நல்ல கையை நீட்டி, "அவளை... கூப்பிடு" என்றாள். அப்படிக் கூப்பிடு என்கிறாள், அம்மா என்று. எனக்குப் புரிந்தது, ஜெலாய்க்கும் புரிந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய் வரலம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் மாரிடெல் வந்து இறங்கினாள். கன்னத்தில் மேடைச் சாயம் பாதி இருந்தது. போட்டியில் தோளில் மாட்டிய பட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தாள். தெருவில் வரவேற்க வந்தவர்களிடம் தலையசைத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வேண்டிய மீன் வழக்கம்போல ஐஸ் பெட்டியில் வந்திருந்தது. உட்கார்ந்து இடுக்கியை எடுத்தாள். பிடிக்க முடியவில்லை. விரல் நீளத்துக்கு வெள்ளி நிறத்தில் ஒட்டு நகம் ஒட்டியிருந்தார்கள். இடுக்கி இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது.

நான் எழுவதற்குள் ஜெலாய் நகச்சாயம் அழிக்கிற புட்டியும் கிண்ணமுமாக வந்தாள். எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். மாரிடெலின் விரல்களை ஒவ்வொன்றாக ஊறவைத்து, ஓரத்தை நெம்பி, வலிக்காமல் எடுத்தாள். மாரிடெல் அவள் தலை வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நகமும் கிண்ணத்தில் விழுந்த பிறகு, ஜெலாய் எழுந்து பாவாடையைத் தட்டினாள்.

"கையைக் கழுவிக்கோங்க, சித்தி. சாப்பாட்டு மீன்."

மாதா கோவில் பூசைக்கு லிகாயாவைத் தயார் செய்ய உள்ளே போனாள். மாரிடெல் கையைக் கழுவினாள். முதல் மீனை எடுத்து விரித்தாள்.